ஆட்டுத்துருத்தி என்றொரு குடும்பப்பெயர்: நண்பருக்குக் கடிதம்

அன்புள்ள ஜெயசீலன்,

நலம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். தரங்கம்பாடி பற்றிய மலருக்கு நீ எழுதும் கட்டுரைக்காகச் சில கேள்விகள் அனுப்பியிருந்தாய்: அங்கே வந்த ஜெர்மன் மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கின் குடும்பப்பெயர் ஊர்ப்பெயரா, அதற்குப் பொருள் உண்டா, இன்றும் ஜெர்மனியில் அந்தப் பெயரோடு ஆட்கள் இருக்கிறார்களா. கூடவே இன்று இத்தனை பேருக்கு அந்தப் பெயர் என்று ஓர் எண்ணிக்கையையும் எழுதி, அச்சில் போடலாமா என்று கேட்டிருந்தாய். எண்ணிக்கையை இப்போதைக்குப் போடாதே. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், முதலில் பெயருக்கு வருவோம்.

அது ஊர்ப்பெயர் இல்லை. இரண்டு சொற்கள் ஒட்டிய பெயர், ஜெர்மன் ஒலிப்பில் 'ட்ஸீகன்பல்க்'. முன்பாதி 'ட்ஸீகெ', வெள்ளாடு. பின்பாதி 'பல்க்'. இந்தப் பின்பாதியில்தான் பலர் வழுக்குகிறார்கள். இன்றைய ஜெர்மன் பேச்சில் 'பல்க்' என்றால் சொல்பேச்சு கேளாத பிள்ளையைத் திட்டும் சொல். அதை வைத்துக்கொண்டு 'ஆட்டுக்காரனின் அடங்காப்பிள்ளை' என்று பொருள் எழுதினால் மொத்தமும் தவறிவிடும். குடும்பப்பெயர்கள் நிலைத்த இடைக்காலத்தில் அந்தச் சொல்லுக்கு விலங்கிலிருந்து முழுசாக உரித்த தோல் என்றுதான் பொருள். வயிற்றைக் கீறாமல், பின்னங்கால் பக்கம் மட்டும் வெட்டி, தலையணை உறையை உருவுவதுபோல் கழுத்துப் பக்கம் இழுத்து எடுக்கிற தோல். கால் துளைகளை இறுகக் கட்டினால் அது பை. கழுத்து அதன் வாய். தண்ணீரோ மாவோ திராட்சரசமோ எதையும் அதில் கொண்டுபோகலாம். அந்தப் பையைக் கொல்லன் உலையில் பொருத்தினால் 'பிளாசெபல்க்', ஊதும் பல்க்.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் நம் கையிலேயே இருக்கிறது: துருத்தி. கொல்லன் ஊதுவதும் துருத்தி, திராட்சரசம் ஊற்றி வைக்கும் தோற்பையும் துருத்தி. இரண்டு பொருளையும் ஒரே சொல் தாங்குவது ஜெர்மனில் நடந்ததுபோலவே தமிழிலும் நடந்திருக்கிறது. ஆகவே 'ஆட்டுத்தோல்' என்று மட்டும் எழுதாமல் 'ஆட்டுத்துருத்தி' என்று எழுது. நம் வாசகருக்கு அந்த உருவம் கண்முன் வந்துவிடும்.

இப்படியொரு பெயர் ஒரு மனிதனுக்கு எப்படி ஒட்டிக்கொண்டது? ஜெர்மன் குடும்பப்பெயர்களைப் பொதுவாக ஐந்து வகையாகப் பிரிப்பார்கள்: தந்தையின் அல்லது முன்னோரின் இயற்பெயரிலிருந்து வந்தவை, சொந்த ஊரால் வந்தவை, குடியிருந்த இடத்தால் வந்தவை, தொழிலால் வந்தவை, பட்டப்பெயர்கள். சீகன்பால்க் கடைசி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தொழிலை நேரே சொல்லாமல், தொழிலில் கையாளும் பொருளைச் சொல்லும் பட்டப்பெயர் அது. வெள்ளாட்டுத் தோலையும் செம்மறித் தோலையும் படிகாரமும் உப்பும் போட்டு வெண்மையாகப் பதனிடுகிறவர்களுக்கு ஜெர்மனியில் தனிப் பெயரும் தனிச் சங்கமும் இருந்தன. தோற்பை தைப்பவர், தோல் வாங்கி விற்பவர் என்று இன்னும் சிலருக்கும் இந்தப் பட்டம் பொருந்தும். இவர்களில் முதல் முன்னோர் யார் என்று பெயரை வைத்து மட்டும் தீர்மானிக்க முடியாது. 'தோல் பதனிடும் குடும்பம்' என்று அடித்து எழுதிவிடாதே. மிஷனரியின் தந்தை தானிய வியாபாரி. அவர் காலத்தில் பெயருக்கும் தொழிலுக்கும் எந்தத் தொடர்பும் மிச்சமில்லை.

பெயர் பிறந்த மண்ணை அதன் முன்பாதியே காட்டிக்கொடுக்கிறது. ஜெர்மன் பேசும் நாடு முழுவதும் வெள்ளாட்டுக்கு ஒரே சொல் இருந்ததில்லை. தெற்கிலும் தென்மேற்கிலும் 'கைஸ்' என்பார்கள். 'ட்ஸீகெ' என்பது கிழக்கு நடு ஜெர்மனி, அதாவது தூரிங்கியா, சாக்சனி வட்டாரச் சொல். திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் அந்தப் பக்கத்துக்காரர். அவருடைய வேதாகம மொழிபெயர்ப்பின் வழியாகத்தான் அது பொதுச்சொல்லாகப் பரவியது. அதற்கு முன்பே நிலைத்துவிட்ட குடும்பப்பெயரில் அந்தச் சொல் இருந்தால், தேடலைக் கிழக்கில் தொடங்குவதுதான் முறை. அங்கேதான் சீகன்பால்க் 1682இல் பிறந்த புல்ஸ்னிட்ஸ் இருக்கிறது. டிரெஸ்டனுக்கு வடகிழக்கே சிறு நகரம், மேல் லவுசிட்ஸ் என்ற நாட்டுப்பகுதியின் மேற்கு எல்லை. 1635 வரை அந்த நாடு பொஹீமிய அரசின் கீழ் இருந்தது, பிறகு சாக்சனிக்குக் கைமாறியது. சுற்று வட்டாரத்தில் சோர்பிய மொழி பேசும் ஸ்லாவிய மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். நோவாக் போன்ற ஸ்லாவியப் பெயர்கள் அங்கே மலிந்து கிடப்பது அதனால்தான். அவற்றின் நடுவே சீகன்பால்க் முழுக்க முழுக்க ஜெர்மன் பெயர்.

ஒரு குழப்பத்தை உன் கட்டுரையிலேயே தீர்த்துவிடு. 'ட்ஸீக்' என்று தொடங்கும் எல்லாப் பெயரும் ஆட்டோடு சேராது. ட்ஸீக்லர் செங்கல், ஓடு சுடுகிறவர். ட்ஸீகன்ஹைன் ஊர்ப்பெயர். ட்ஸீகன்பைன் (ஆட்டுக்கால்), ட்ஸீகன்ஃபூஸ் (ஆட்டுப்பாதம்) இரண்டும் நம் பெயரின் பங்காளிகள்போலத் தெரியும். பொருள் நெருக்கம் உண்மை, ஆனால் அவை வேறு வட்டாரத்துக் குடும்பங்கள்.

அடுத்தது எழுத்து. பழைய சர்ச் பதிவேடுகளில் பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். சாக்சனிப் பேச்சில் 'ப'வின் வல்லொலியும் மெல்லொலியும் ஒன்றாகிவிடும். (இரண்டுக்கும் ஒரே எழுத்து வைத்திருக்கும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.) கடைசி 'க்' முழுதாக ஒலிக்காமல் 'ஹ்' அல்லது 'ஷ்' பக்கம் சாயும். ஆகவே ஒரே குடும்பத்தின் பெயர் ஜி-யில் முடியலாம், சி-கே-யில் முடியலாம், சி-எச்-சில் முடியலாம். நடுவில் B-யும் P-யும் இடம் மாறலாம். இந்த வகைத் தடுமாற்றத்தைப் பிடிக்க 1969இல் வெளியான 'கொலோன் ஒலிமுறை' உதவும். உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, ஒலிக்கூட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் தரும் முறை அது. சீகன்பால்கின் குறியீடு 846154. மேலே சொன்ன எழுத்து வேறுபாடுகள் எல்லாவற்றுக்கும் அதே 846154தான் வரும். தேடுபொறியில் இந்த வசதி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்து.

ஆனால் அது காதின் பிழையைத்தான் பிடிக்கும், கண்ணின் பிழையைப் பிடிக்காது. அந்தக் கால 'குரென்ட்' கையெழுத்தில் 'இ' (e) என்னும் உயிரெழுத்தும் 'என்' என்னும் எழுத்தும் இரண்டே கோடுகள், ஏறக்குறைய ஒரே உருவம். பட்டியல் தயாரித்தவர் ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் 'ட்ஸிங்கன்பல்க்' ஆகிவிடும், குறியீடு 8646154 என்று மாறும். கடைசி ஜி-யின் வாலைப் பார்த்து ஒய் என்று படித்தால் கடைசி 4 காணாமல் போய் 84615 ஆகும். இரண்டும் தேடலில் சிக்காது. அவற்றைத் தனித்தனியாக எழுதித் தேட வேண்டும். 18ஆம் நூற்றாண்டு வரை பெண்களின் குடும்பப்பெயரில் 'இன்' விகுதி சேர்ப்பார்கள் என்பதையும் மறக்காதே. 'சீகன்பால்கின்' என்று பார்த்தால் அது வேறு குடும்பமல்ல, அந்த வீட்டுப் பெண்.

இப்போது அந்த எண்ணிக்கை. ஜெர்மனியில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் என்று ஆளாளுக்கு ஒரு எண் சொல்வார்கள். யாரும் தலையெண்ணிச் சொல்வதில்லை. பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகத்தின் பதிவுகளை எண்ணி, ஒரு காரணியால் பெருக்குகிறார்கள். பெயராய்வில் நம்பிப் பயன்படுத்தும் தரவு 2005ஆம் ஆண்டின் தரைவழித் தொலைபேசிப் பட்டியல். மாய்ன்ஸ் நகர அகாடமி 2012 முதல் உருவாக்கிவரும் ஜெர்மன் குடும்பப்பெயர் மின்னகராதியும் அதன்மேல்தான் நிற்கிறது. அப்போது தனியார் இணைப்புகள் ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம், மக்கள்தொகை 8 கோடியே 20 லட்சத்துக்குச் சற்று மேல். வகுத்தால் ஒரு பதிவுக்கு 2.9 பேர். 100 பதிவு இருந்தால் 290 பேர் என்று மதிப்பிடலாம். முல்லர் போன்ற மிகப் பரவலான பெயருக்கு இது நன்றாகவே பொருந்தும். சீகன்பால்க் போன்ற அரிய பெயருக்கு ஆடிவிடும். பத்து வீடுகள் தங்கள் எண்ணைப் பட்டியலில் கொடுக்காவிட்டால், கணக்கில் 29 பேர் குறைந்துவிடுவார்கள். கைபேசி வந்தபின் பட்டியல் ஆண்டுக்காண்டு மெலிகிறது. புதிய புத்தகத்தை வைத்து எண்ணினால் பெயர் அழிந்துவருவதுபோலத் தோன்றும். உண்மையில் குறைவது தரைவழி இணைப்பு. உனக்குக் கிடைத்த எண்ணில் ஆண்டும் இல்லை, அது பதிவா ஆளா என்ற குறிப்பும் இல்லை. அதனால்தான் போடாதே என்றேன்.

1990க்கு முந்தைய பட்டியல்களையும் இந்தப் பெயருக்குத் தொடாதே. கிழக்கு ஜெர்மனியில் வீட்டுத் தொலைபேசி அரிது. சாக்சனிப் பெயர் ஒன்றை அந்த ஆண்டுப் புத்தகத்தில் தேடினால், வேர் இருக்கும் இடம் வெறுமையாகவும், மேற்கே குடிபெயர்ந்த ஓரிரு வீடுகள் பெரிதாகவும் தெரியும். 1990களின் பிற்பகுதியில் வந்த குறுந்தகட்டுப் பட்டியல் முதல் 2005 வரை உள்ளவைதான் சரியான சாளரம். அவற்றில் நெருக்கம் கிழக்குச் சாக்சனியில், புல்ஸ்னிட்ஸ் இருக்கும் பக்கத்திலேயே விழுகிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் பெயர் வேர்விட்ட மண்ணை விட்டு நகரவில்லை என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மனதைத் தொடுகிற விஷயம்.

வரைபடத்தைப் பார்க்கும்போது அது மொத்த எண்ணிக்கையா, பத்து லட்சம் பேருக்கு இத்தனை என்ற விகிதமா என்று முதலில் பார். மொத்தத்தில் டிரெஸ்டனும் பெர்லினும் பெரிய நகரங்கள் என்ற காரணத்தாலேயே முந்தும். விகிதத்தில், ஆள் குறைந்த மாவட்டத்தில் மூன்று வீடுகள் இருந்தாலே அடர் சிவப்பாகும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை புலப்படும். மாவட்ட எல்லையும் ஏமாற்றும். புல்ஸ்னிட்ஸ் கமென்ட்ஸ் மாவட்டத்தில் இருந்தது, 2008 ஆகஸ்டில் அது பவுட்சன் மாவட்டத்தோடு இணைந்தது. பழைய படத்தில் கமென்ட்ஸிலும் புதிய படத்தில் பவுட்சனிலும் புள்ளி விழுவதைக் கண்டு, குடும்பம் இடம்பெயர்ந்தது என்று எழுதிவிடக் கூடாது. புல்ஸ்னிட்ஸின் 01896 என்ற அஞ்சல் குறியீட்டைப் பிடித்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

நூறாண்டு முந்தைய பரவலுக்கு முதல் உலகப்போரின் இழப்புப் பட்டியல்களைப் பார்; இறந்த, காயம்பட்ட, சிறைப்பட்ட படைவீரர்களின் பட்டியல்கள் அவை. சுமார் 31,000 பக்கம், 85 லட்சம் பதிவு. தன்னார்வலர்கள் முழுவதையும் தட்டச்சு செய்து தேடும்படி வைத்திருக்கிறார்கள். பெயரோடு ஊரும் இருப்பது பெரிய வரம். ஆனால் ஒரே ஆள் காயம்பட்டபோது ஒரு முறை, சிறைப்பட்டபோது ஒரு முறை என்று திரும்பத் திரும்ப வருவார். இயற்பெயரையும் ஊரையும் ஒப்பிட்டுக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். பெண்கள் அதில் இல்லவே இல்லை.

அதற்கும் பின்னே போக வேண்டுமானால் ஆவணம்தான். அரசுப் பதிவகம் ஜெர்மனி முழுவதும் 1876 ஜனவரி 1 முதல். பிறப்புப் பதிவு 110 ஆண்டு, திருமணம் 80, இறப்பு 30 ஆண்டு வரை பதிவகத்திலேயே பூட்டியிருக்கும், பிறகு ஆவணக் காப்பகத்துக்குப் போகும். 1876க்கு முன்னால் சர்ச் பதிவேடு. புல்ஸ்னிட்ஸ் திருச்சபை அலுவலகத்துக்கு எழுதுவதானால், 'சீகன்பால்க் குடும்பம் பற்றி எல்லாம் அனுப்புங்கள்' என்று எழுதாதே, அப்படி எழுதினால் வேலை நடக்காது. ஒரே ஒரு சடங்கு (ஞானஸ்நானமோ திருமணமோ அடக்கமோ), பத்தாண்டுக்கு மிகாத கால அளவு, பெயரின் நான்கைந்து எழுத்து வடிவங்கள், கட்டணம் எவ்வளவு என்ற கேள்வி. ஜெர்மன் மொழியில் அரைப்பக்கம் போதும்.

இன்னொன்றையும் கட்டுரையில் அவசியம் சேர். இன்றைய சீகன்பால்க்குகள் எல்லோரையும் தரங்கம்பாடி மிஷனரியின் வாரிசுகள் என்று எழுதுவது தவறு. அவருடைய தந்தைக்கும் அதே பர்த்தலோமேயு சீகன்பால்க் என்றுதான் பெயர். பெயர் அவருக்கு முந்தையது. இன்று அதைத் தாங்குபவர்கள் அவருக்குப் பங்காளி வழியாக இருக்கலாம், தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். ஆவணம் காட்டாமல் உறவு கட்டக் கூடாது.

அரிய பெயர் வாழ்வதும் மறைவதும் பெரும்பாலும் திருமணச் சட்டத்தின் கையில். மேற்கு ஜெர்மனியில் 1976 வரை மனைவி கணவன் பெயரைத்தான் ஏற்க வேண்டும். பெண் பிள்ளைகள் மட்டும் உள்ள வீட்டில் பெயர் அத்தோடு முடிந்தது. 1976க்குப் பிறகும் தம்பதி ஒத்துப்போகாவிட்டால் கணவன் பெயரே நின்றது. அந்த விதியை 1991இல் அரசியல் சாசன நீதிமன்றம் நீக்கியது. கிழக்கில் 1965இன் குடும்பச் சட்டமே இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. நம் பெயர் கிழக்கத்தியது என்பதால் இது முக்கியம். 2025 மே 1 முதல் கணவன், மனைவி இருவருமே இரட்டைப் பெயர் வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். அரிய பெயர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் எண்ணுகிறவர்களுக்குப் புது வேலை: இனி பெயரின் தொடக்கத்தில் மட்டும் தேடினால் போதாது, இணைப்புக்கோட்டுக்குப் பின்னாலும் தேட வேண்டும்.

தமிழில் எப்படி எழுதுவது என்றும் கேட்டிருந்தாய். ஜெர்மன் ஒலிப்படி 'ட்ஸீகன்பல்க்' என்று குறிலாகத்தான் வரும். ஆனாலும் 'சீகன்பால்க்' என்றே எழுது. தமிழ் நாக்கில் பழகி, கல்லிலும் ஏட்டிலும் நிலைத்துவிட்ட வடிவம் அது. சரியான ஒலிப்பை ஒரு முறை அடைப்புக்குறிக்குள் காட்டினால் போதும். எழுதி முடித்ததும் கையெழுத்துப் படியை அனுப்பு, எண்கள் வரும் இடங்களை மட்டும் ஒரு முறை சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
மாணிக்கம்