ஐந்து சதவீதத்தில் அடிபட்டுப் போனவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் (சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் மண்டபம்) யாருக்கு இடம் தர வேண்டும் என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் நடக்கும் விவாதம் பேரி பாண்ட்ஸ், ரோஜர் கிளெமென்ஸ், பீட் ரோஸ் ஆகிய மூவரையே சுற்றிச் சுற்றி வருகிறது. முதல் இருவர்மேல் ஊக்கமருந்துப் புகார், ரோஸ் சூதாட்டத்தால் தடை வாங்கியவர்; அவர்களைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். ஆனால் பாண்ட்ஸும் கிளெமென்ஸும் பத்து ஆண்டுகள் முழுக்க வாக்குச்சீட்டில் இருந்தார்கள். ஒரே ஆண்டில், யாரும் உட்கார்ந்து யோசிப்பதற்குள் பட்டியலை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். அநியாயம் என்று சொல்வதானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

விதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன், இவை தெரியாமல் எண்களைப் பேசிப் பயனில்லை. பெரிய லீக்கில் பத்து சீசன் ஆடி, ஓய்வு பெற்று ஐந்து ஆண்டு கடந்தவர் பட்டியலுக்கு வரலாம். வாக்களிப்பவர்கள், அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் தொடர்ந்து பத்தாண்டு உறுப்பினராக இருந்த செய்தியாளர்கள். ஒருவர் அதிகபட்சம் பத்துப் பெயர்களுக்கு வாக்களிக்கலாம். 75 சதவீதம் வந்தால் தேர்வு. 5 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த ஆண்டோடு சரி. இடையில் நின்றால் பத்து ஆண்டு வரை வாய்ப்பு உண்டு. 2014க்கு முன் இது பதினைந்தாக இருந்தது. யாருக்குமே வாக்களிக்காமல் அனுப்பும் வெற்றுச் சீட்டும் மொத்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2021ல் 401 சீட்டுகளில் 14 வெற்றுச் சீட்டுகள். அந்த ஆண்டு யாருமே தேர்வாகவில்லை.

இப்போது 2013ஐ எடுத்துக்கொள்வோம். வாக்குச்சீட்டில் 37 பெயர்கள். பாண்ட்ஸ், கிளெமென்ஸ், சாமி சோசா, மைக் பியாஸா, கிரெய்க் பிஜியோ, கர்ட் ஷில்லிங் எல்லோரும் அந்த ஒரே ஆண்டில் புதிதாக வந்தார்கள். பழைய பட்டியலில் ஜாக் மோரிஸ், ஜெஃப் பேக்வெல், டிம் ரெய்ன்ஸ், எட்கர் மார்டினெஸ், லாரி வாக்கர், ஆலன் டிராமெல் எல்லாம் காத்திருந்தார்கள். இந்த நெரிசலில் கென்னி லாஃப்டனும் புதுமுகம். 569 சீட்டுகளில் அவருக்கு விழுந்தவை 18, அதாவது 3.2 சதவீதம். அடுத்த ஆண்டுக்குத் தப்பிக்க 29 தேவைப்பட்டது. எல்லோரும் பத்துப் பெயரையும் நிரப்பிவிட்டதால் இடமில்லாமல் போனது என்றும் சொல்ல முடியாது. ஊரே ஸ்டீராய்டு (ஊக்கமருந்து) சண்டையில் மூழ்கியிருந்தது. லாஃப்டனைப் பார்க்க ஆளில்லை. அவ்வளவுதான்.

அவர் யார்? 622 ஸ்டோலன் பேஸ்கள் (பந்து அடிக்கப்படாமலேயே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது), 2428 ஹிட்கள் (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸை அடைந்தவை), அடிக்கும் சராசரி .299. 1992 முதல் 1996 வரை ஐந்து ஆண்டு தொடர்ச்சியாக அமெரிக்கன் லீக்கில் (பெரிய லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) ஸ்டோலன் பேஸில் முதலிடம். சென்டர் ஃபீல்டில் நான்கு கோல்ட் கிளவ் (சிறந்த ஃபீல்டிங்குக்கான விருது). 1985ல் முதல் ஆண்டிலேயே தேர்வான லூ பிராக் 938 பேஸ்களைத் திருடியவர், மறுக்கவில்லை. ஆனால் 307 முறை பிடிபட்டார். லாஃப்டன் பிடிபட்டது 160 முறை. விகிதத்தைப் போட்டுப் பார்த்தால் பிராக் 75 சதவீதம், லாஃப்டன் ஏறக்குறைய 80. பிடிபடும் ஒவ்வொரு முறையும் பேஸில் நின்ற ஆளும் போகிறார், ஓர் அவுட்டும் போகிறது. ஆகவே இந்த ஐந்து சதவீத வித்தியாசம் சின்ன விஷயம் அல்ல.

2018ல் இதே கதை ஜோஹன் சான்டானாவுக்கு நடந்தது. ஆண்டின் சிறந்த பிட்சருக்கான (பந்து வீசுபவருக்கான) சை யங் விருதை இரண்டு முறை வாங்கியவர், 2.4 சதவீதத்தோடு வெளியே. 139 வெற்றிகள் மட்டும் என்பதுதான் அவர்மேல் சொல்லப்படும் குறை. ஹாலில் இருக்கும் பிட்சர் சாண்டி கோஃபாக்ஸின் வெற்றிகள் 165. ஈ.ஆர்.ஏ. என்பது ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் விட்டுக்கொடுக்கும் ரன்களின் சராசரி (ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக), குறையக் குறைய நல்லது. லீக்கையும் மைதானத்தையும் கணக்கில் எடுக்கும் ஈ.ஆர்.ஏ. பிளஸ் அளவில் (100 என்றால் சராசரி, கூடக் கூட நல்லது) கோஃபாக்ஸ் 131, சான்டானா 136. கோஃபாக்ஸ் சுமார் 300 இன்னிங்ஸ் கூடுதலாக வீசியவர். உலகத் தொடரில் (ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) அவர் ஈ.ஆர்.ஏ. 0.95. ஆகவே இருவரும் சமம் என்று நான் வாதாடவில்லை. ஒருவர் முதல் முறையிலேயே தேர்வாகிறார், மற்றவர் முதல் முறையிலேயே துரத்தப்படுகிறார். இவ்வளவு இடைவெளிக்கு அந்த எண்களில் ஆதாரம் எங்கே என்றுதான் கேட்கிறேன். 2005ல் சான்டானாவின் ஈ.ஆர்.ஏ. 2.87, பார்ட்டோலோ கோலோனுடையது 3.48. கோலோனுக்கு 21 வெற்றிகள் இருந்ததால் சை யங் விருது அவருக்குப் போனது. ஐந்தே ஆண்டு கழித்து, 2010ல், 13 வெற்றி 12 தோல்வி என்ற கணக்கோடு ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் அதே விருதை வாங்கினார். வாக்காளர்களின் அளவுகோல் மாறிவிட்டது, சான்டானா அதற்குச் சற்று முந்திப் பிறந்துவிட்டார்.

என் வாதத்தின் மையமே இதுதான். ஓய்வு பெற்ற வீரரின் எண்கள் மாறுவதில்லை. அவற்றைப் படிப்பவர்களின் புரிதல் மாறுகிறது, அதற்குக் காலம் பிடிக்கிறது. பெர்ட் பிளைலெவன் 1999ல் 14.1 சதவீதம், 2011ல் தேர்வு. லாரி வாக்கர் 2014ல் 10.2, கடைசி ஆண்டான 2020ல் 76.6. ஸ்காட் ரோலன் 2018ல் 10.2, 2023ல் 76.3. சான்டானா வெளியேறிய அதே வாக்குச்சீட்டில்தான் ரோலன் தொடங்கினார் என்பதைக் கவனியுங்கள். பத்து சதவீதத்தில் நின்றவருக்கு ஐந்து ஆண்டில் கதவு திறந்தது. இரண்டரை சதவீதத்தில் நின்றவருக்கு அந்தக் காலமே தரப்படவில்லை.

வாக்கர் விஷயத்தைக் கொஞ்சம் விரிக்கலாம். அவருடைய சொந்த மைதானமாக இருந்த கொலராடோவின் கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் பந்து கூடுதல் தூரம் போகும், வளைந்து வர வேண்டிய பந்து சரியாக வளையாது. பந்து அதிக தூரம் போகும் என்பதற்காக அவுட்ஃபீல்டை அகலமாக அமைத்தார்கள். அதனால் ஹோம் ரன் (மைதான வேலியைத் தாண்டும் அடி) மட்டுமல்ல, சாதாரண ஹிட்களும் பெருகின. வாக்கரின் எண்களை அப்படியே எடுத்தால் ஏமாந்துபோவோம், உண்மை. அதற்காக அவற்றைக் குப்பையில் போடுவதும் தவறு. 1997ல் அவர் அடித்த 49 ஹோம் ரன்களில் 29 வெளி மைதானங்களில் அடித்தவை. இந்த ஒரு வரியைப் பலரும் படிக்கப் பத்தாண்டு ஆனது.

ஆகவே ஒருவரை மதிப்பிடும்போது எதைப் பார்ப்பது? முதலில், மைதானத்தில் அதே ஃபீல்டிங் இடத்தில் ஆடியவர்களோடுதான் ஒப்பிட வேண்டும். ஃபீல்டிங்கே முதன்மையான ஷார்ட்ஸ்டாப்பை, அடிப்பதே முதன்மையான ஃபர்ஸ்ட் பேஸ்மேனோடு நிறுத்தி ஹோம் ரன் எண்ணக் கூடாது. அடுத்து, மொத்தக் கணக்கோடு உச்சத்தையும் பார்க்க வேண்டும். எழுத்தாளர் ஜே ஜாஃபியின் 'ஜாஸ்' முறை இதற்கு வசதி: வாழ்நாள் 'வார்' மதிப்பையும் (ஒரு சாதாரண மாற்று வீரரைவிட அவர் அணிக்குக் கூடுதலாகத் தந்த வெற்றிகளின் கணிப்பு) சிறந்த ஏழு சீசன்களின் 'வார்' மதிப்பையும் கூட்டி இரண்டால் வகுத்து, ஏற்கெனவே தேர்வானவர்களின் சராசரியோடு வைத்துப் பார்ப்பது. ஆனால் 'வார்' ஒரே எண் அல்ல. ஒரு புள்ளிவிவர இணையதளம் பிட்சரின் 'வார்' மதிப்பை அவர் விட்டுக்கொடுத்த ரன்களை வைத்துக் கணக்கிடுகிறது. இன்னொன்று ஸ்ட்ரைக்அவுட், வாக், ஹோம் ரன் ஆகியவற்றை வைத்து. இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போவது வீண்.

விருதுகளை எண்ணுவதிலும் எச்சரிக்கை வேண்டும். 1999ல் ரஃபேல் பால்மெய்ரோ ஃபர்ஸ்ட் பேஸில் ஆடியது 28 ஆட்டங்கள்தான். அந்த இடத்துக்கான கோல்ட் கிளவை அவருக்கே கொடுத்தார்கள்!

இன்னொரு பொறி, 'அவரே உள்ளே இருக்கிறார், இவருக்கு என்ன குறை' என்ற வாதம். ஹெரால்ட் பெயின்ஸ் எழுத்தாளர் வாக்கெடுப்பில் ஒருபோதும் 6.1 சதவீதத்தைத் தாண்டியதில்லை. எழுத்தாளர்கள் தேர்வு செய்யாதவர்களை மறுபடி பரிசீலிக்கும் 16 பேர் குழு 2018 டிசம்பரில் அவரைத் தேர்வு செய்தது. அவரை அளவுகோலாக்கினால் நூற்றுக்கணக்கானவர்களை உள்ளே விட வேண்டியிருக்கும். ஒப்பீடு சராசரியோடு இருக்க வேண்டும், அடிமட்டத்தோடு அல்ல. டெட்ராய்ட் ஜோடியை நான் குறிப்பிடுவதும் இதனால்தான். டிராமெலும் லூ விட்டேக்கரும் 1977 செப்டம்பர் 9ல், ஒரே நாளில் அறிமுகமானவர்கள். 1,918 ஆட்டங்கள் சேர்ந்து ஆடினார்கள். டிராமெல் பதினைந்து ஆண்டு பட்டியலில் நின்று, பிறகு குழு வழியாக உள்ளே போனார். விட்டேக்கர் 2001ல் 2.9 சதவீதத்தோடு முதல் ஆண்டே வெளியே. வாழ்நாள் 'வார்' மதிப்பில் விட்டேக்கர்தான் முன்னே இருக்கிறார்.

ஸ்டீராய்டு பற்றி என் நிலை சுருக்கமானது. தண்டனையோடு கூடிய சோதனை 2004ல்தான் வந்தது. அதற்குப் பிறகு பிடிபட்டுத் தடை வாங்கிய மேனி ராமிரெஸ், அலெக்ஸ் ரோட்ரிகஸ் ஒரு வகை. விதி தூங்கிக்கொண்டிருந்த காலத்து பாண்ட்ஸ் வேறு வகை. அந்தக் காலத்தில் லீக்கின் தலைமை நிர்வாகியான கமிஷனராக இருந்த பட் செலிக்கையே 2017ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துவிட்டு, 'நேர்மை, பண்பு' என்ற விதியை வீரர்களுக்கு மட்டும் நீட்டுவது பொருந்தவில்லை. ரோஸ் விஷயம் வேறு: சூதாட்டத் தடை விதி அவர் ஆடத் தொடங்குமுன்பே ஒவ்வொரு ஓய்வறைச் சுவரிலும் தொங்கியது. 4256 ஹிட்கள் அதை அழிக்காது.

தள்ளப்பட்டவர்களுக்குக் குழு இருக்கிறதே என்பார்கள். அதன் கணக்கையும் பாருங்கள். எட்டுப் பெயர்கள், 16 உறுப்பினர்கள், ஒருவருக்கு மூன்று வாக்குகள்தான். மொத்தம் 48, தேர்வாக 12 வேண்டும். சமமாகப் பிரிந்தால் ஆளுக்கு 6. இரண்டு மூன்று தகுதியுள்ளவர்கள் ஒன்றாக வந்தாலே ஒருவர் வாக்கை மற்றவர் தின்றுவிடுவார். 2019 டிசம்பரில் விட்டேக்கருக்குக் கிடைத்தது 6தான். இப்போது 5 வாக்குகூடப் பெறாதவர் அடுத்த சுற்றில் நிற்க முடியாது, இரண்டாம் முறையும் அப்படியே ஆனால் நிரந்தரமாக வெளியே என்று விதி வைத்திருக்கிறார்கள். எழுத்தாளர் வாக்கெடுப்பின் நோயைக் குழுவுக்கும் ஒட்டிவிட்டார்கள்.

செய்யக்கூடியது கடினமும் அல்ல. 5 சதவீத விதியை மூன்றாம் ஆண்டிலிருந்து மட்டும் அமல்படுத்தலாம். பத்துப் பெயர் உச்சவரம்பை எடுத்துவிடலாம். 12 ஆக உயர்த்தக் கேட்டு எழுத்தாளர் சங்கமே தீர்மானம் போட்டது, ஹால் நிர்வாகம் ஏற்கவில்லை. வெற்றுச் சீட்டை வாக்களிக்காததாகக் கருதலாம். எல்லாச் சீட்டுகளையும் வெளியிட வேண்டும் என்ற சங்கத்தின் கோரிக்கையையும் நிர்வாகம் தள்ளிவிட்டது. 2020ல் 397 பேரில் டெரெக் ஜீட்டருக்கு வாக்களிக்காத அந்த ஒருவர் யார், ஏன் என்பது அதனால்தான் இன்றுவரை வெளியே வரவில்லை.

உங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். ஜனவரியில் முடிவு வரும்போது தேர்வானவர்களின் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 5 சதவீதத்துக்குக் கீழே விழுந்தவர்களின் பெயர்களையும் அவர்கள் பெற்ற வாக்குகளையும் ஒரு சிறு கட்டத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்