குப்புறப் படுத்திருப்பவரின் கண்கள்

அன்புள்ள சுந்தரம்,

வீட்டில் அனைவரும் நலம். மணிமாறன் மறுபடியும் வேலையை விட்டுவிட்டான். கேட்டால் அதே பழைய காரணத்தைத்தான் சொல்கிறான், உனக்குத் தெரியாததா! பத்மா அக்காவின் முழங்கால் தேவலை.

உன் கடிதத்தின் கடைசிப் பத்திதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. புதிய அறுவை அரங்குக்கு, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை வளைத்து உயர்த்தும் வில்சன் ஃபிரேம் வாங்கப் போவதாகவும், ஐம்பது வயதைக் கடந்த பருமனான ஒருவருக்கு முதுகெலும்பில் பல கணுக்களை ஒரே அமர்வில் இணைக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். உன் கை வேகத்தை நான் அறிவேன். ஆனால், வேறோர் ஊரில் இதே போன்ற நீண்ட அறுவை சிகிச்சைக்குப் பின் இரு கண்களிலும் பார்வை இழந்த ஒருவரை அண்மையில் பார்த்தேன். அவருடைய முதுகு நன்றாக ஆறிவிட்டது. மகளின் தோளைப் பற்றிக்கொண்டு நடக்கிறார்.

முகம் தலைதாங்கியில் அழுந்தினால் கண் போகும் என்று நாம் படித்த காலத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். குதிரைலாட வடிவத் தாங்கியில் தலை சற்று நகர்ந்து, விழி அழுந்தி, விழித்திரைத் தமனி அடைபட்டால் பெரும்பாலும் அந்த ஒரு கண்தான் பாதிக்கப்படும். கண்களை அவ்வப்போது பார்த்துக் குறித்து வைத்தால் அதைத் தடுத்துவிடலாம். நான் அஞ்சுவது மற்றொன்றை. அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் 1999-இல் தொடங்கிய பதிவேட்டிலிருந்து 2006-இல் வெளியான ஆய்வில், முதுகெலும்பு அறுவைக்குப் பின் பார்வை இழந்த 93 பேரில் 10 பேருக்கு மட்டுமே தமனி அடைப்பு. எஞ்சிய 83 பேருக்குப் பார்வை நரம்பே இரத்த ஓட்டமின்றிப் பழுதுபட்டிருந்தது. மண்டையோட்டைப் பற்றிப் பிடிக்கும் மேஃபீல்ட் ஊசிகளில் தலையை நிறுத்தி, கண்ணில் எதுவுமே படாதிருந்தவர்களும் அவர்களில் உண்டு. ஆகவே, நல்ல பஞ்சு மெத்தைத் தாங்கி வாங்கிவிட்டேன் என்று நீ நிம்மதி கொள்ள முடியாது. அந்த 83 பேரில் 96 விழுக்காட்டினருக்கு, மயக்கம் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ நீடித்திருந்தது, அல்லது ஒரு லிட்டரோ அதற்கு மேலோ இரத்தம் போயிருந்தது.

2012-இல் வந்த ஒப்பீட்டு ஆய்வு ஆபத்துக் காரணிகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டியது: ஆண் பாலினம், உடல் பருமன், நீண்ட மயக்கம், மிகுந்த இரத்த இழப்பு, ஏற்றப்படும் திரவத்தில் கொலாய்டின் (பெரிய மூலக்கூறுகள் கொண்ட திரவத்தின்) பங்கு குறைவது, இவற்றோடு வில்சன் ஃபிரேம். அந்த வளைவில் முதுகு உயரும்போது தலை இதயத்துக்குக் கீழே தாழ்கிறது. தலையின் சிரை அழுத்தம் கூடுகிறது. மணிக்கணக்கில் அப்படியே கிடந்தால் நீர் கோத்து, நரம்புக்குப் போகும் இரத்தம் குறைகிறது என்று கருதப்படுகிறது. உன் நோயாளியிடம் இவற்றில் எத்தனை பொருந்துகின்றன என்று நீயே பார். நடந்துவிட்டால், பார்வையை மீட்டுத் தரும் என்று உறுதிப்பட்ட மருந்து எதுவும் நம் கையில் இல்லை, சுந்தரம்.

ஆகையால் வயிறு தடையின்றித் தொங்கும்படியான ஜாக்சன் மேசையையே வாங்கு. வயிறு அழுந்தாவிட்டால் சிரை அழுத்தம் குறைந்து, நீ அறுக்கும் இடத்திலும் இரத்தக் கசிவு குறையும். செலவு கூடும்தான், நிர்வாகத்திடம் நீ வாதாட வேண்டியிருந்தால் நானும் வந்து பேசுகிறேன். தலை திரும்பாமல் நேராக, இதய மட்டத்திலோ சற்று மேலேயோ இருக்கட்டும். உங்கள் மயக்க மருத்துவர் தலைப்பக்கம் உயரும்படி மேசையைச் சாய்க்கச் சொன்னால் தடுக்காதே. அறுவை நீளும் என்று தெரிந்தால் இரண்டு அமர்வுகளாகப் பிரித்துவிடு. நோயாளி எரிச்சல்படுவார், உறவினர் செலவைக் கேட்பார்கள். இருந்தாலும் இந்த ஒன்றில் நான் உன்னிடம் பிடிவாதமாகவே இருப்பேன். ஒப்புதல் வாங்கும்போது பார்வை இழப்பையும் அவரிடம் வாய்விட்டுச் சொல். விழித்ததும் விரல்களைக் காட்டி எண்ணச் சொல்.

அவருக்கு நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உண்டா, வழக்கமான அழுத்தம் எவ்வளவு, எத்தனை கணுக்கள் என்று எழுது. அறுவைக்கு நாள் குறிக்குமுன் உங்கள் மயக்க மருத்துவரை என்னோடு ஒருமுறை தொலைபேசியில் பேசச் சொல்.

அன்புடன்,
வரதன்