படத்தின் கீழே இடமும் திகதியும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் உங்கள் பத்திரிகையின் முன்பக்கத்தில் பூநாரைகளின் வண்ணப்படம் ஒன்று பெரிதாக வந்திருந்தது. நல்ல படம். ஆனால் கீழே ‘யாழில் வெளிநாட்டுப் பறவைகள்’ என்று மட்டும்தான் இருந்தது. எந்த இடம், எந்த நாள், கிட்டத்தட்ட எத்தனை பறவை என்று ஒரு சொல்லும் இல்லை. பின்னால் தெரிகிற பனைகளை வைத்து அராலியா மண்டைதீவா என்று பூதக்கண்ணாடி பிடித்துப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. அந்த மூன்று விவரமும் ஏன் வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தென்மராட்சியில் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். கர்ப்பிணிகளையும் பிறந்த பிள்ளைகளையும் பார்க்க மீசாலை, சரசாலை, கச்சாய், தனங்கிளப்பு என்று சைக்கிளில் போன வழியில்தான் பறவைகளையும் பார்க்கப் பழகினேன். கண்டதை அன்றன்றைக்கே கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவிடுவேன். 2000ஆம் ஆண்டு சாவகச்சேரியை விட்டு இடம்பெயர்ந்தபோது அந்தக் கொப்பிகள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. இப்போது கையில் இருக்கிற பட்டியல் அதற்குப் பிறகு எழுதியது. இருநூறு இனங்களைத் தாண்டியிருக்கிறது. தொலைநோக்கி வாங்கியது சண்டை முடிந்த பிறகுதான். அதற்கு முன் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பரவைக்கடல் பக்கம் போக இங்கே யாருக்குத் துணிவு இருந்தது?

இந்த மாரிக்கு முன்பு பட்டியலை முதல் வரியிலிருந்து சரிபார்த்தேன். எங்கள் தென்னையிலும் பனையிலும் ஏறித் திரிகிற மரங்கொத்திக்கு முதுகு பொன்மஞ்சள். பேராதனைப் பூங்காவில் நான் கண்டதற்கு முதுகு நல்ல சிவப்பு. முன்பு இரண்டையும் ஒரே இனம் என்றார்கள். இப்போது ஆராய்ச்சியாளர்கள் பிரித்துவிட்டார்கள்: சிவப்பு இலங்கைக்கே உரிய தனி இனம், எங்களுடையது இந்தியாவிலும் உள்ள இனத்தின் வடபகுதிக் கிளை. அதன் அறிவியல் பெயரில் யாழ்ப்பாணமும் இருக்கிறது. இரண்டும் சந்திக்கிற இடைப்பகுதியில் செம்மஞ்சள் முதுகோடு கலப்புப் பறவைகளும் உண்டு. கொப்பியில் இடத்தையும் சேர்த்து எழுதியிருந்தபடியால் ஒரு வரியை இரண்டாக்க முடிந்தது. வெறுமனே ‘மரங்கொத்தி’ என்றிருந்தால் எதைப் பிரிப்பது?

திகதிக்கும் அப்படித்தான். ஒரு ஐப்பசியில் மிருசுவிலில் பிள்ளை பெற்ற ஒரு தாயைப் பார்க்கப் போனேன். படலையைத் திறக்க முதலே, “மிஸ், குசினிக்குள்ள ஒரு குருவி வந்து விழுந்து கிடக்குது, நிறமெண்டால் அப்பிடி ஒரு நிறம்” என்று அந்தப் பிள்ளையின் அம்மம்மா கூப்பிட்டார். உரலுக்குப் பக்கத்தில் ஆறுமணிக்குருவி ஒன்று ஒடுங்கிப்போய் இருந்தது. முதுகு பச்சை, சிறகில் ஒரு நீலத்துண்டு, கண்ணோடு ஓடுகிற கறுப்புப் பட்டை, கட்டை வாலுக்குக் கீழே செஞ்சிவப்பு. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. கடல் கடந்து வந்து களைத்துப்போய் இப்படி வீடுகளுக்குள் நுழைவது அந்தக் குருவிக்கு வழமை. பூனையை வெளியே கட்டிப்போட்டு, கதவைச் சாத்தி, தனியே விட்டோம். மைமலுக்குள் அது எழும்பி வேலியோரப் பூவரசுக்குப் போய்விட்டது. பிறகு வந்த ஆண்டுகளிலும் முதல் கூவலைக் கேட்ட நாளைக் குறித்துக்கொண்டே வருகிறேன். இப்போது ஐப்பசி பிறந்தாலே விடியப்புறம் காது தானாக வெளியே போய்விடும்.

சரி, பூநாரைக்கு வருகிறேன். அது தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி தண்ணீருக்குள் வைத்து, கால்களால் சேற்றை மிதித்துக் கலக்கி, அதிலுள்ள பாசியையும் சிற்றுயிர்களையும் வடித்துத் தின்கிற பறவை. உடம்பின் சிவப்பும் அந்தத் தீனியிலிருந்து வருவதுதான். அதற்கு ஆழமில்லாத தண்ணீரும் உப்பும் வேண்டும். கார்த்திகை மழையில் கடல்நீரேரி நிரம்பினால் ஓரிடத்தை விட்டுப் போகும். தொண்டைமானாற்றுத் தடுப்பணைக் கதவுகளைத் திறந்து தண்ணீர் வடிந்தால் இன்னோரிடத்தில் இறங்கும். ஆகவே ‘யாழில்’ என்பது போதாது. எந்த நீரேரி, எந்தக் கிழமை என்று தெரிந்தால்தான் தண்ணீருக்கும் பறவைக்கும் உள்ள தொடர்பு புரியும்.

தெற்கில் நடந்ததைப் பாருங்கள். இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக (ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள இடம்) 1990இல் அறிவிக்கப்பட்ட புந்தலவில் ஒரு காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் கூடின. பிறகு குறைந்துபோயின. நீர்ப்பாசனத் திட்டத்தின் வடிகால் நன்னீர் களப்புகளுக்குள் வந்து உப்பு குறைந்ததை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஆண்டுக்காண்டு எண்ணி எழுதியவர்கள் இருந்ததால்தான் இது தெரியவந்தது. இங்கேயும் வடமராட்சி நீரேரியை நன்னீராக்கும் பேச்சு நான் சிறுபிள்ளையாக இருந்த காலம் தொட்டு நடக்கிறது. எங்கள் கிணறுகளின் நிலைமை எனக்குத் தெரியும். குடிநீருக்கு எதிராக நான் பேசவில்லை. ஆனால் தண்ணீர் மாறுவதற்கு முன் அங்கே என்ன பறவை எத்தனை நின்றது என்று எழுத்தில் இருக்க வேண்டும். போர் நடந்த ஆண்டுகளுக்கு அப்படி ஒரு பதிவு எங்களிடம் இல்லை.

ஒரு பிள்ளையை ஒரு மாதம் மட்டும் நிறுத்துப் பார்த்தால் எனக்கு ஒன்றும் விளங்காது. வளர்ச்சி அட்டையில் மாதாமாதம் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால்தான் பிள்ளை தேறுகிறதா வாடுகிறதா என்று தெரியும். எங்கள் நீரேரிகளுக்கும் அப்படி ஓர் அட்டை வேண்டும். உங்கள் பத்திரிகை நினைத்தால் அதைத் தொடங்கலாம். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை கிழமைக்கு ஒருமுறை சின்னதாக ஒரு பெட்டி: வாசகர்கள் அனுப்புகிற பறவையின் பெயர், இடம், திகதி, எண்ணிக்கை. அவ்வளவுதான்.

இடத்தைப் போட்டால் ஆட்கள் கூடிவிடுவார்களே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான பயம். பறக்கிற படம் வேண்டும் என்று கல் எறிகிறவர்களையும், கூட்டத்துக்கு மேலே ட்ரோன் விடுகிறவர்களையும் நானே கண்டிருக்கிறேன், சத்தமும் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அவை தின்கிற நேரம் போகிறது, தின்றதும் வீணாகிறது. தயவுசெய்து கலைத்து எடுத்த படங்களைப் போடாதீர்கள். மற்றப்படி பூநாரை நிற்கிற இடம் வீதியால் போகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். கூடு கட்டிய இடங்களை மட்டும் மறைத்துவிடுங்கள்.

நான் அடுத்துப் போக நினைத்திருக்கிற இடங்களும் யாரோ எழுதி வைத்த குறிப்புகளைப் பார்த்துத் தெரிவு செய்தவைதான். தை மாதம் மன்னாருக்கு. 2010 முதல் ராம்சார் பட்டியலில் இருக்கிற வங்காலையில் ஊசிவால் வாத்துகளையும், அப்படியே தலைமன்னார் பக்கம் நண்டு தின்னியையும் தேட வேண்டும். கறுப்பும் வெள்ளையுமான அந்த நெடுங்கால் பறவை இன்னும் என் பட்டியலில் இல்லை. மாரி முடிந்து காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் ஒழுங்காக ஓடினால் கோடியக்கரைக்கு. எங்கள் கரைக்கு நேர் எதிரே, பறவைகளுக்கு வளையம் பூட்டிப் பல காலமாக ஆராய்கிற இடம் அது. அப்புறம் சிங்கராஜாவில் நீல வால்காக்கை. முழங்கால் அனுமதித்தால் ஹோட்டன் சமவெளியும்.

அங்கெல்லாம் போகிற எனக்கு வழிகாட்ட எழுத்து இருக்கிறது. இங்கே வருகிறவர்களுக்கு நாங்கள் தமிழில் எழுதி வைத்தது என்ன? எங்கள் வேலிக் கம்பியில் இருக்கிற இரட்டைவால் கரிக்குருவியைக் காணத் தெற்கிலிருந்து மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வருகிறார்கள். அது இலங்கையில் வடக்கையும் வடமேற்குக் கரையையும் விட்டால் வேறெங்கும் சாதாரணமாகக் கிடைக்காது. 1938இலேயே சரணாலயமாகி 2015இல் தேசிய பூங்காவாக உயர்ந்த சுண்டிக்குளத்தை எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்?

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. வரும் ஜனவரிக்கு முன் அதைப் பற்றி ஒரு செய்தி போடுங்கள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைகள் வரட்டும். கடலோரத்தில் தினமும் வலை இழுக்கிறவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும், அவர்களும் வரட்டும்.

பெட்டியைத் தொடங்குவீர்களானால் சரசாலைக் குருவிக்காடு, கைதடிப் பாலம், தனங்கிளப்பு ஆகிய இடங்களின் குறிப்புகளைக் கிழமைதோறும் நான் அனுப்புகிறேன். தீவுப் பகுதியிலிருந்தும் வடமராட்சியிலிருந்தும் ஒவ்வொருவர் வேண்டும். அந்தப் பூநாரைப் படத்தை எடுத்தவரிடம் கேட்டு, இடத்தையும் திகதியையும் அடுத்த இதழில் போட்டால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
சாவகச்சேரி.