மத்தியானம் மூன்று மணிக்கு அணைந்துபோகும் கம்ப்யூட்டர்

வேலூர்
மே 16

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். தங்கச்சி பார்த்துக்கொள்வாள், தெரியும். இருந்தாலும் சொல்லத் தோன்றுகிறது. இங்கே கத்திரி ஆரம்பித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. சுற்றியிருக்கிற பாறை மலைகள் பகலெல்லாம் வாங்கின சூட்டை ராத்திரி பத்து மணி வரைக்கும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், காகிதத்தின் மேல் ஸ்டேப்ளரை வைத்துக்கொண்டு.

உன் கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா குடம் அடித்த வில்லுப்பாட்டு கேசட்டுகளை ஏற்றி இரைச்சலை எடுக்கும்போது, மத்தியானம் மூன்று மணி வாக்கில் பொசுக்கென்று அணைந்துபோகிறது, சின்னவன் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நாற்பத்தைந்தாயிரத்துக்குப் புதுசு வாங்கச் சொல்கிறான் என்று எழுதியிருந்தாய். வாங்காதே. நான் சொல்வதையெல்லாம் செய்து பார்க்கிற வரைக்குமாவது வாங்காதே. உன்னுடையதும் என்னுடையதும் ஒரே வயசு. போன வருஷம் இதே மாதத்தில் நானும் இதே இடத்தில்தான் நின்றேன்.

முதலில், அணைவதற்குக் காரணம் சூடுதானா என்று பார். சூடானால் ப்ராசஸர், அதாவது கணக்கையெல்லாம் போடுகிற முக்கிய சிப், உடனே அணைந்துவிடாது. தன் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்கும். அப்படியும் அடங்கவில்லை என்றால்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெஷினையே அணைத்துவிடும். என்னுடையது ஐ5-3470, 2012-இல் வந்த சிப். 105 டிகிரியை நெருங்க நெருங்க 3.2 கிகாஹெர்ட்ஸ் வேகம் படிப்படியாக 1.6 வரைக்கும் இறங்கிவிடும். எனக்கு நடந்தது அதுதான். நாற்பது நிமிடத்தில் முடிகிற கல்யாண வீடியோ ஒன்றரை மணி நேரம் ஆனது. பழசாகிவிட்டது, அதனால்தான் மெதுவாக ஓடுகிறது என்று ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டேன். அப்புறம்தான் கோர் டெம்ப் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். 103 காட்டியது. அறையின் வெப்பம் அன்றைக்கு 36.

நீயும் அதைப் போட்டு, திரையின் ஓரத்தில் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய். எண் 95-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போய் அணைந்தால் சூடுதான். எழுபதிலேயே அணைந்தால் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும். மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் தளர்ந்திருக்கலாம், அல்லது மதர்போர்டில் கெபாசிட்டர் தலை உப்பியிருக்கலாம். உப்பியிருந்தால் கண்ணுக்கே தெரியும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதே. ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெபாசிட்டர் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். உனக்குத் தெரியாததில்லை.

சூடுதான் என்று தெரிந்தால் உடனே கடைக்குப் போகாதே. நான் அந்தத் தப்பைச் செய்யவிருந்தேன். வீடியோ கொடுக்கிற ஸ்டுடியோவில் ஒருவர் வாட்டர் கூலிங் போடச் சொன்னார். என் சிப் முழு வேகத்தில் ஓடினாலும் அதற்குக் குறித்திருக்கிற கணக்கு 77 வாட்ஸ்தான். நம் வீட்டுப் பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. அதற்குத் தண்ணீரும் பம்பும் எதற்கு என்று யோசித்தபோதுதான் கேள்வியே மாறியது. சூடு அதிகமா, அல்லது சூடு வெளியே போகும் வழி எங்கேயாவது அடைத்திருக்கிறதா?

அடைத்திருந்த முதல் இடம் மேஜை. கம்ப்யூட்டர் டேபிள்களில் சிபியு வைப்பதற்கென்றே ஒரு பெட்டி அடித்திருப்பார்களே, முன்னால் கதவு, பின்னால் பலகை, ஒயர் போக ஒரு ஓட்டை. பத்து வருஷத்துக்கு மேல் அதற்குள்தான் இருந்தது. வெளியே வந்த சூட்டுக் காற்றையே திரும்பத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு! எடுத்து ஒரு முக்காலியில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். ஒரு பைசா செலவில்லை. 103 இருந்தது 94 ஆனது.

இரண்டாவது தூசி. மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் கேபினட்டைத் திறந்தேன். ப்ராசஸர் மேல் இருக்கும் ஃபேன் நன்றாகத்தான் சுற்றியது, மேலே அவ்வளவு தூசியும் இல்லை. ஃபேனைக் கழற்றினால்தான் தெரிந்தது. ஃபேனுக்கும், ப்ராசஸரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவில் தூசி வட்டமாகப் படிந்து, விரலால் உரித்தால் ஒரே துண்டாக, தோசை மாதிரி எழுந்து வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சாம்பல் நிறத்துக்குள்ளே சிவப்பும் பச்சையுமாக நூல் துணுக்குகள். இவள் அதே அறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாளே, அந்த நூல். பத்து வருஷத்து ஜாக்கெட்டுகளும் பாவாடைகளும் அதில் இருந்தன. அதைத் தூக்கிப் போட மனசு வராமல் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நீ சுத்தம் செய்யும்போது இரண்டு விஷயம். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஒரு தடவை அழுத்து, மிச்சமிருக்கிற கரண்ட் இறங்கிவிடும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு ஐஸ் குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள். காற்றில் கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் பேரிங் போகும். அது சுற்றும்போது டைனமோ மாதிரி கரண்டையும் போர்டுக்குள் அனுப்பும். உன் ஊரில் இன்னொன்றும் உண்டு. தூத்துக்குடியில், அதுவும் உப்பளத்துக்கு அவ்வளவு பக்கத்தில், தூசியோடு உப்பும் வரும். உப்பு ஈரத்தை இழுக்கும். அதனால் பெயின்ட் பிரஷ்ஷால் முதலில் உலரத் தட்டிவிட்டு, அப்புறம் ப்ளோயர் அடி. ஈரத்துணி வேண்டாம். ராம் என்கிற மெமரி பட்டையின் முனையிலும் ஒயர் முனைகளிலும் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்.

தூசி எடுத்ததில் 85-க்கு இறங்கியது. மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, பேஸ்ட்.

ஹாஸ்டல் அறையில் நாம் ஆம்ப்ளிஃபயர் கட்டினது ஞாபகம் இருக்கிறதா? 2என்3055 டிரான்ஸிஸ்டரை அலுமினியத் தகட்டில் பொருத்தும்போது, மைக்கா தகட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை கம்பவுண்டைத் தடவுவாய். நான் ஒரு தடவை அவசரத்தில் தடவாமல் முடுக்கிவிட்டு, பாட்டு போட்ட ஐந்து நிமிடத்தில் டிரான்ஸிஸ்டரைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டேன். ப்ராசஸரும் ஹீட் சிங்க்கும் அதே கதைதான். இரண்டு உலோகமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். உண்மையில் இரண்டிலும் மேடு பள்ளம், பள்ளத்தில் காற்று. காற்று சூட்டைக் கடத்தவே கடத்தாது. அந்தப் பள்ளத்தை மட்டும் நிரப்பத்தான் பேஸ்ட், சுவருக்குப் பட்டி பார்ப்பது போல. அதற்காக அப்பி வைத்தாலும் கெடுதல்தான். நல்ல பேஸ்ட்கூட செம்பைப் போல ஐம்பதில் ஒரு பங்குதான் சூட்டைக் கடத்தும். நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு வைத்தால் போதும், ஹீட் சிங்க் அழுத்தும்போது தானே பரவிக்கொள்ளும்.

என்னுடையதில் இருந்த பழைய பேஸ்ட் காய்ந்து, வெடித்த வயல் மாதிரி இருந்தது. ஹீட் சிங்க்கைக் கழற்றும் முன் மெஷினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணை, பேஸ்ட் இளகியிருக்கும். பழசை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடை. நம் இன்டெல் மெஷினில், ப்ராசஸர் உட்காருகிற சாக்கெட்டில் அதை இரும்புச் சட்டம் பிடித்திருக்கும், பயமில்லை. பழைய ஏஎம்டி மெஷின்களில் ஹீட் சிங்க்கை நேராகப் பிடுங்கினால் ப்ராசஸரும் அடியில் இருக்கிற ஊசிக் கால்கள் வளைந்து கூடவே வந்துவிடும். அவற்றை மெதுவாகத் திருகித்தான் எடுக்க வேண்டும். யாராவது உன்னிடம் கொண்டுவந்தால் இதை ஞாபகம் வை.

திரும்பப் பொருத்தும்போது ஒரு தப்பு செய்தேன், நீ செய்யக் கூடாது என்று சொல்கிறேன். நாலு மூலையிலும் பிளாஸ்டிக் கால் இருக்கும். தலையில் அம்புக்குறி போட்டிருக்கும். அம்பு காட்டுகிற பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். மாட்டும்போது பழைய நிலைக்குத் திருப்பி வைத்து, குறுக்கு மூலை, குறுக்கு மூலையாக 'டக்' என்று சத்தம் கேட்கிற வரை அழுத்த வேண்டும். நான் மூன்றில் கேட்டேன், நாலாவதிலும் கேட்ட மாதிரி நினைத்துக்கொண்டேன். ஆன் செய்து வீடியோவை ஓட்டின ஒரே நிமிடத்தில் 99! கை நடுங்கிவிட்டது. மெஷினையே கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு மூலை நூல் கனத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. திரும்பக் கழற்றி, துடைத்து, புது பேஸ்ட் வைத்து, போர்டின் பின்பக்கம் நாலு காலும் விரிந்து வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூடினேன். 75. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். ஆன செலவு பேஸ்டுக்கு 450 ரூபாய்.

அப்புறம் கேபினட் ஃபேன். என் கேபினட்டில் பின்னால் இடம் மட்டும் இருந்தது, ஃபேன் இல்லை. எஸ்எம்பிஎஸ் ஃபேன்தான் எல்லாச் சூட்டையும் தன் வழியாக இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. 380 ரூபாய்க்கு ஒரு 120 மி.மீ. ஃபேன் வாங்கிப் பின்னால் வெளியே தள்ளும்படி வைத்தேன். ஸ்டிக்கரும் குறுக்குக் கம்பிகளும் இருக்கிற பக்கமாகத்தான் காற்று வெளிவரும். 70-க்கு வந்தது. உன் வீட்டில் நான் வேறு விதமாக வைப்பேன். முன்னால் ஒரு ஃபேன் உள்ளே இழுக்கட்டும், அதன் முன் மெல்லிய வலை வை. உள்ளே காற்று கொஞ்சம் அதிகமாகவே இருந்தால், சந்து பொந்து வழியாக உப்புத் தூசி நுழையாது. வலையைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை தட்டினால் போதும்.

ப்ராசஸர் மேல் கோபுரம் மாதிரி நிற்கிற பெரிய ஹீட் சிங்க், அந்த டவர் கூலர் பற்றிக் கேட்டிருந்தாய். ஆறு மாதம் கழித்து பழைய ஃபேன் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தபோதுதான் நானும் 1,650 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். 36 டிகிரி அறையில் இப்போது 62-ஐத் தாண்டுவதில்லை. அதில் இருக்கிற செம்புக் குழாய்கள் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் துளித் தண்ணீர். சிப் பக்கம் ஆவியாகும், தகடு பக்கம் போய்க் குளிர்ந்து திரும்பி வரும். பம்பும் இல்லை, கரண்டும் இல்லை. அமெரிக்காவில் லாஸ் ஆலமோஸ் ஆய்வுக்கூடத்தில் 1963-இல் ஜார்ஜ் க்ரோவர் என்ற விஞ்ஞானி விண்வெளி வேலைக்காகச் செய்து பார்த்தது, இன்றைக்கு நம் மேஜையில்.

ஆனால் வாங்கும் முன் உயரத்தை அள. பழைய கேபினட்டுகள் ஒடுக்கமானவை. 15 செ.மீ.க்கு மேல் உயரமுள்ளதை வாங்கிவிட்டால் பக்கக் கதவு மூடாது. நான் 92 மி.மீ. ஃபேன் உள்ள சின்னதைத்தான் வாங்கினேன், 13 செ.மீ. சொச்சம். 1156, 1155, 1150, 1151, 1200 எல்லா சாக்கெட்டுக்கும் ஓட்டை அளவு ஒன்றுதான், அதனால் வேறு போர்டு மாற்றினாலும் கூலர் கூடவே வரும். ஆபீஸ்களிலிருந்து கழித்துக் கட்டின பிராண்டட் மெஷின் என்றால் மட்டும் ஜாக்கிரதை. பலவற்றில் ஃபேன் கனெக்டரே வேறு மாதிரி, மாற்றினால் ஆன் செய்யும்போதெல்லாம் ஃபேன் பழுது என்று நின்றுவிடும். உன்னுடையது அசெம்பிள் செய்ததுதானே?

இது எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' என்பதை 100-லிருந்து 99 ஆக்கிவிடு. ப்ராசஸர் தன் வழக்கமான வேகத்துக்கு மேலே போகிற டர்போ வேகம் நின்றுவிடும். கொஞ்சம் மெதுவாகும், பல டிகிரி குறையும். அப்புறம், எந்த ஃபேனும் அறையின் வெப்பத்துக்குக் கீழே குளிர வைக்காது. மத்தியானம் 38 இருக்கிற அறை விடியற்காலையில் 28 என்றால் ப்ராசஸரும் அந்தப் பத்து டிகிரி குறையும். மே முடிகிற வரைக்கும் இரைச்சல் எடுக்கிற வேலையைக் காலை ஐந்து மணிக்கு வைத்துக்கொள். அப்பா குடத்தைத் தட்டுகிற அந்த முதல் அடி, பாதியில் அணைந்து கெட்டுப்போகக் கூடாது மச்சான். அந்த கேசட்டுகள் இன்னொரு முறை ஓடுமோ ஓடாதோ.

கேபினட்டைத் திறந்ததும் பின்பக்க ஃபேன் இடத்தில் ஒரு திருகு ஓட்டையிலிருந்து பக்கத்து ஓட்டைக்கு எவ்வளவு என்று அளந்து எழுது. 105 மி.மீ. என்றால் 120 ஃபேன், 82.5 என்றால் 92, 71.5 என்றால் 80. 120 என்றால் வாங்காதே, என்னிடம் உபரியாக ஒன்று இருக்கிறது. நாலு கிராம் பேஸ்டில் பாதிக்கு மேல் ஊசியிலேயே மிச்சம். இரண்டையும் சேர்த்து கூரியரில் போடுகிறேன். பதிலுக்கு, சுத்தம் செய்த முதல் கேசட்டை எனக்கு ஒரு பென் டிரைவில் அனுப்பு. இவளும் கேட்க வேண்டும் என்கிறாள்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்