தாயின் ரத்த அழுத்தம் சரியும் முன்பே...

ஆசிரியர் அவர்களுக்கு,

மலைப்பகுதி மருத்துவமனைகளில் பிரசவ வசதியை மேம்படுத்துவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். புதிய கட்டடம், கூடுதல் படுக்கை எல்லாம் சரி. ஆனால் சிசேரியனுக்காக முதுகில் மயக்க ஊசி போட்டதும் தாயின் ரத்த அழுத்தம் இறங்குவதைத் தடுக்கும் ஏற்பாடு குறித்து அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த ஊசி ரத்தக்குழாய்களைத் தளர்த்திவிடும்; சில நிமிடங்களிலேயே அழுத்தம் சரியலாம், குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும். டிரிப்ஸ் மட்டும் ஏற்றினால் போதாது. ரத்தக்குழாய்களை இறுக்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஃபினைல்எஃப்ரின் மருந்தைத் தொடக்கத்திலிருந்தே சிரிஞ்ச் பம்ப் மூலம் சீராகச் செலுத்தி, மேல் அழுத்தம் தாயின் வழக்கமான அளவில் 90 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது, 2018-ல் வெளியான சர்வதேச நிபுணர்களின் பரிந்துரை.

நீலகிரியில் அறுவை அரங்குச் செவிலியராக இருந்தவள் நான். "சிஸ்டர், குமட்டுது, கண்ணை இருட்டுது" என்று தாய் சொல்லும்போது, கையில் கட்டிய பட்டையில் காற்று ஏறிக்கொண்டுதான் இருக்கும். மானிட்டரில் எண் வந்திருக்காது. அதன் பிறகு மருந்தைத் தேடி எடுத்துக் கலக்குவது எவ்வளவு பதைப்பான வேலை! கூடலூரிலிருந்து ஊட்டிக்கு அனுப்பலாமென்றாலும் 50 கிலோமீட்டர் மலைப்பாதை. ஆகவே, சிசேரியன் நடக்கும் ஒவ்வொரு மலை மருத்துவமனையிலும் சிரிஞ்ச் பம்ப், தட்டுப்பாடில்லாத ஃபினைல்எஃப்ரின், கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தாதிருக்கத் தாயின் வலது இடுப்புக்கடியில் வைக்கச் சாய்வுத் தலையணை ஆகியவற்றைச் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும்.

- ஓய்வுபெற்ற செவிலியர், குன்னூர்