பெண்களின் பக்கங்களை ஓரச் சுவருக்குத் தள்ளாதீர்கள்

அமெரிக்க அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ் (பெரிய நிறுவனங்களுக்கும் தணிக்கைக்கும் வெளியே வந்த சித்திரக்கதைகள்) பற்றிக் கண்காட்சி அமைப்பவர்களுக்கும் வரலாறு எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் வேலையில், இந்தக் காமிக்ஸின் மிகப் பிரபல ஓவியரான ராபர்ட் கிரம்புக்குத்தான் பெரும்பாலும் நடுக்கூடம். பெண்களுக்கு ஓரமாக ஒரு சுவர், நூலில் ஒரு அத்தியாயம். அதிலும் கை உயர்த்திய வீராங்கனைகள், யார் மனமும் கோணாத படங்கள். என் வருத்தம் இதில்தான்.

1970-இல் ஓவியர்கள் ட்ரினா ராபின்ஸும் வில்லி மெண்டஸும் 'இட் ஏய்ன்ட் மீ, பேப்' கொண்டுவந்தார்கள். முழுக்கப் பெண்களே படைத்த முதல் அமெரிக்கக் காமிக்ஸ் இதழ் அது. 1972-இல் வந்த பெண்களின் தொகுப்பிதழ் 'விம்மன்ஸ் காமிக்ஸ்' 1992 வரை 17 இதழ்கள் கண்டது. நிரந்தர ஆசிரியர் கிடையாது; பொறுப்பு கைமாறிக்கொண்டே இருந்தது. முதல் இதழிலேயே ஒரு பதின்வயதுப் பெண்ணின் கருக்கலைப்பைக் கதையாக்கினார் லோரா ஃபவுன்டன். அதே இதழில் அலைன் கொமின்ஸ்கி தன்னையே 'கோல்டி' ஆக்கினார்: பெரிய மூக்கு, அலைபாயும் ஆசை, தன் உடம்பின் மேலேயே வெறுப்பு. கிரம்ப் வரைந்த பெண்ணுடல்களில் ஆண் பார்க்க விரும்பியது இருந்தது. கோல்டியின் உடம்புக்குள் ஒருத்தி குடியிருந்தாள். இரண்டையும் அடுத்தடுத்து மாட்டினால் பார்வையாளருக்கே புரிந்துவிடும், தனியாக விளக்க அட்டை வேண்டாம்.

1976-இல் அலைன், டயான் நூமினோடு சேர்ந்து வெளியிட்ட 'ட்விஸ்டட் சிஸ்டர்ஸ்' அட்டையில் கழிப்பறையில் உட்கார்ந்து கலோரிக் கணக்குப் பார்க்கிறார். அது அசிங்கம் என்று யாராவது சொன்னால், பெண்ணின் அன்றாடம் அசிங்கமா என்று திருப்பிக் கேளுங்கள். லகூனா பீச்சில் ஜாய்ஸ் ஃபார்மரும் லின் ஷெவ்லியும் நடத்திய 'டிட்ஸ் அண்ட் கிளிட்ஸ்' மாதவிடாயை மறைக்காமல் வரைந்தது. 1973-இல் கருக்கலைப்பைப் பெண்ணின் உரிமையாக்கிய ரோ எதிர் வேட் தீர்ப்பு வந்த கையோடு 'அபார்ஷன் ஈவ்' வெளியிட்டதும் இவர்களே. மருத்துவமனைக்கு வரும் ஐந்து பெண்கள், ஒவ்வொருத்திக்கும் வேறு வயது, வேறு தயக்கம். லீ மார்ஸ் வரைந்த 'பட்ஜ்' குண்டான பெண். அவள்தான் கதாநாயகி, அவள் ஆசைக்கும் மரியாதை உண்டு.

அப்புறம், அவர்களுக்குள் நடந்த சண்டைகளையும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். 'விம்மன்ஸ் காமிக்ஸ்' முதல் இதழில் வந்த ட்ரினாவின் 'சாண்டி கம்ஸ் அவுட்' லெஸ்பியன் பெண்ணைப் பற்றிய முன்னோடிக் கதைதான். ஆனால் வெளியாள் எழுதியதாகவே லெஸ்பியன் ஓவியரான மேரி விங்ஸுக்குப் பட்டது. அதனால் 1973-இல் தானே 'கம் அவுட் காமிக்ஸ்' வரைந்து வெளியிட்டார். எந்தப் பெண்ணை யார் வரையலாம் என்ற விவாதம் அந்த இரு கதைகளுக்கு நடுவில் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு 'பெண் குரல்' என்று ஒரே பலகை வைத்தால், ஒருவரோடொருவர் வாதாடிய அத்தனை பேரையும் ஒருத்தியாக்கிவிடுகிறீர்கள்.

அடுத்த கண்காட்சியில் அந்தத் தனிச் சுவரை எடுத்துவிடுங்கள். கோல்டியை நடுக்கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். சாண்டியையும் மேரி விங்ஸையும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் திறந்து வையுங்கள், முழுக் கதையும் படிக்கக் கிடைக்கும்படி.

அன்புடன்,
ஒரு காமிக்ஸ் வாசகி