முறைப்பாடு: தையல் விடும் மெஷின், வராத ஊசித்தட்டு, போயா நாளில் கொழும்புக்கு வரவழைத்தமை

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமைக் காரியாலயம், கொழும்பு.

மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

பொம்மை செய்து விற்கும் என் தொழிலுக்காக யூலை மாதம் உங்கள் திருகோணமலை விற்பனை நிலையத்தில் வாங்கிய தையல் மெஷின் பற்றி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் பதில் வரவில்லை. தொலைபேசியில் ஒன்பது தடவை பேசியாயிற்று. ஒவ்வொரு தடவையும் வேறு ஒருவர் எடுக்கிறார், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பற்றுச்சீட்டின் பிரதியும் மெஷின் இலக்கமும் இத்துடன் உள்ளன. உங்கள் மெஷினைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மெஷின் தையல் விடுகிறது, அதாவது இடையிடையே ஒரு தையல் விழாமல் போகிறது. கீழே நூல் வளையத்தைப் பிடிக்கும் கொக்கி பிந்தி வருவதுதான் காரணம், அதன் நேரத்தைச் சரிசெய்து தாருங்கள். பெட்டிக்குள் இருக்கும் என்று சொல்லி விற்ற ஒற்றைத்துளை ஊசித்தட்டை (ஊசி இறங்கும் இரும்புத் தட்டு) தாருங்கள். கேட்பது இவ்வளவுதான். தெரிந்த ஒரு திருத்துநருக்கு இரண்டும் சேர்த்து ஒரு காலை வேலை. அதற்காக இரண்டு மாதத்துக்கு மேல் அலைக்கழித்திருக்கிறீர்கள்.

பொம்மையில் ஒரு தையல் விட்டால் என்ன ஆகும் என்பது உங்கள் ஆட்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. 45 சென்ரிமீற்றர் பொம்மை உடலைக் காடாத் துணியில் வெட்டுவது வழக்கம். வெட்ட முன் துணியை ஊறவைத்து, கழுவி, காயவைத்து, இஸ்திரி போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் பிறகு சுருங்கித் தையலை இழுக்கும். தையல் நீளம் 1.5 மில்லிமீற்றர், தையலுக்கு வெளியே விடும் ஓரம் 6 மில்லிமீற்றர். சட்டை தைக்கும் 2.5 இங்கே சரிவராது. சட்டைக்குள் உடம்பு தளர்வாக இருக்கும். பொம்மைக்குள் பஞ்சு எந்த நேரமும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு உடலுக்குள் கிட்டத்தட்ட 200 கிராம் பொலியெஸ்டர் பஞ்சு போகிறது. தலை சாயாமல் நிற்க வேண்டுமென்றால் கழுத்தில்தான் ஆக இறுக்கமாக அடைக்க வேண்டும். 1.5 இல் ஒரு தையல் விட்டால் அந்த இடத்தில் 3 மில்லிமீற்றர் வாய் திறந்து கிடக்கும். துணி தட்டையாகக் கிடக்கும்போது அது கண்ணில் படாது. வளைவுகளுக்கு வெட்டுக் கொடுத்து, புறம் திருப்பி, அடைத்து முடித்த பிறகுதான் பஞ்சு வெள்ளையாகப் பிதுங்கும். அப்போது பிரிக்க முடியாது, ஓரம் ஏற்கெனவே நறுக்கியாயிற்று. வெளியிலிருந்து கையால் மூடினால் தழும்பு தெரியும். தாடைக்குக் கீழே தழும்போடு இருக்கும் பொம்மையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

கழுத்தையும் அக்குளையும் இரண்டு தடவை ஓட்டுவது எங்கள் வழக்கம். உங்கள் மெஷினில் இரண்டாம் தடவையும் அதே வளைவில்தான் விடுகிறது. வளைவில் துணி குறுக்காக இழுபடும், ஊசி மேலே போகும்போது துணியும் சேர்ந்து எழும்பும், கீழே நூல் வளையம் சரியாக விரியாது. கொக்கி உரிய நேரத்துக்கு வந்தால் அந்தச் சின்ன வளையத்தையும் பிடித்துவிடும். பிந்தி வந்தால் விடும். விரல்கள் இன்னும் மோசம். இரண்டு விரல்களுக்கு இடையில் கூராகத் திரும்பாமல், அடியில் குறுக்கே இரண்டு தையல் போட்டுத்தான் திரும்ப வேண்டும். அப்போதுதான் நடுவே நூலுக்குக் கிட்ட வெட்டினாலும் கிழியாது. அந்த இரண்டில் ஒன்று விட்டால் திருப்பும்போதே கை பிளக்கிறது.

இதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் சேவைப் பிரிவிலிருந்து பேசியவர் குறுக்கே விழுந்து சொன்னார்: “பொம்மைச் சட்டைக்கு என்னத்துக்கு அக்கா மெஷின்? கையால தையுங்கோவன். இது பெரிய ஆக்களின்ர உடுப்புத் தைக்கிற மெஷின்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்த இன்னொருவரும் சிரித்தது கேட்டது. விற்கும்போது உங்கள் விற்பனையாளரின் மேசையில் ஒரு பொம்மைப் பிளவுஸை வைத்து, இதன் கை இவ்வளவுதான், இதைத் தைக்குமா என்று கேட்டே வாங்கினேன். “நல்லாத் தைக்கும்” என்றார். விற்கும்போது தைத்த மெஷின் பழுதானதும் பெரிய ஆட்களின் மெஷினாகிவிட்டதா? அந்த அழைப்பு செப்டெம்பர் முதலாம் கிழமை, பகல் பதினொரு மணிக்குப் பிறகு. உங்கள் பதிவில் இருக்கும், எடுத்துக் கேளுங்கள்.

ஊசித்தட்டு விடயத்துக்கு வருகிறேன். மெஷினோடு வந்தது சிக்ஸாக் தட்டு, ஊசி இடம் வலமாக ஆடித் தைப்பதற்கானது. அதன் துளை 7 மில்லிமீற்றர் அகலம். பொம்மைப் பிளவுஸின் ஓரம் வெறும் 4 மில்லிமீற்றர். அந்த ஓரத்தை ஊசிக்குக் கீழே வைத்தால் துணிக்குத் தாங்க இடமே இல்லை. முதல் குத்திலேயே முனை துளைக்குள் போய், நூலோடு சுருண்டு, கொக்கியில் சிக்குகிறது. துணியை இழுக்கும் பற்களில் வலது பக்கப் பல்லுக்கு மேலே துணி கிடையாது, இடது பக்கப் பல் மட்டும் இழுக்கும்போது துணி கோணுகிறது. ஒற்றைத்துளைத் தட்டில் ஊசியைச் சுற்றி இரும்பு இருப்பதால் இந்தத் தொல்லை வராது. தட்டு மாற்றியிருக்கும்போது மறந்து சிக்ஸாக் வைத்தால் ஊசி தட்டில் மோதி உடையும் என்பதும் எங்களுக்குத் தெரியும், அதைச் சொல்லித் தட்டைத் தராமல் விடவேண்டாம்.

இனி வழக்கமான அறிவுரைகளையும் சொல்லவேண்டாம். துண்டுத் துணியில் தொடங்கி அதிலிருந்து பிளவுஸுக்கு ஓடுவது, அடியில் மெல்லிய கடதாசி வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுப்பது, முதல் மூன்று தையலுக்கும் இரண்டு நூல் நுனிகளையும் பின்னால் பிடிப்பது, எல்லாம் செய்தாயிற்று. கைக்குழி அவ்வளவு சிறிது என்பதால் பக்கத்தை மூட முன்பே, துணி தட்டையாக இருக்கும்போது கையை இணைத்துவிடுகிறோம். மூடிய குழிக்குள், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் போகாது. கடதாசி வைத்தால் துணி ஓரளவு தாங்கும்தான், ஆனால் 1.5 தையலிலிருந்து கடதாசியைக் கிழிக்கும்போது பழைய சேலைத் துண்டின் இழையும் சேர்ந்து வருகிறது. ஒரு நாளைக்கு ஒரு சட்டை என்றால் சமாளிக்கலாம். பதினாலு பாவாடை, பதினாலு பிளவுஸ் என்றால் முடியாது.

ஓகஸ்டில் ஒரு தட்டு தபாலில் அனுப்பினீர்கள். அது வேறு மொடலுக்கு உரியது. திருகுத் துளை இரண்டு மில்லிமீற்றர் தள்ளி இருக்கிறது. திருப்பி அனுப்பிய தபால் செலவும் என்னுடையது.

கொழும்புப் பயணத்தைச் சொல்லாமல் விடமுடியாது. திருகோணமலையில் திருத்துநர் இல்லை, தலைமைக் காரியாலயத்துக்கே கொண்டு வாருங்கள் என்று திகதி குறித்தது நீங்கள். அந்தத் திகதியை நான் இரண்டு முறை திருப்பிக் கேட்டேன். “ஓம், அண்டைக்கு வாங்கோ” என்றார்கள். மெஷினைப் பெட்டியில் கட்டி, மடியில் வைத்தபடி இரவு பஸ்ஸில் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் கடந்து விடிய வந்து பார்த்தால் இழுத்துப் பூட்டிய கதவு. அது நிக்கினிப் போயா, பௌர்ணமி நாள். நாடு முழுக்க விடுமுறை. ஒரு நிறுவனத்துக்குத் தன் கதவு திறக்காத நாள் தெரியாதா? காவலாளி மெஷினைத் தன்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார், பற்றுச்சீட்டுத் தரமாட்டாராம். அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். போக வரச் செலவும் இரண்டு நாள் உழைப்பும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

இந்த அலைச்சலுக்குப் பிறகு பிரதான வீதி விற்பனை நிலையம் வழியாக அனுப்பி எடுத்தபோது “பரிசோதிக்கப்பட்டது, பிழை இல்லை” என்று ஒரு துண்டு. ஃபுட்டுக்குக் கீழே நீங்கள் தைத்துப் பார்த்த துணி அப்படியே இருந்தது: தடித்த காற்சட்டைத் துணி, இரண்டு மடிப்பு, தையல் நீளம் 3. மெஷினில் பூட்டியிருந்தது தடித்த 90 ஊசி. நான் அனுப்பும்போது பூட்டியிருந்ததோ மெல்லிய 70. தடித்த ஊசியும் தடித்த துணியும் பெரிய வளையம் விடும், பிந்தி வரும் கொக்கியும் அதைப் பிடித்துவிடும். காய்ச்சல்காரனைக் குளிரில் நிறுத்திவிட்டு உடம்பு சுடவில்லை என்பது போன்ற பரிசோதனை இது.

தட்டைக் கழற்றி, கைச்சில்லை மெதுவாகச் சுற்றி நானே பார்த்தேன். ஊசி ஆகக் கீழே போய் இரண்டு மில்லிமீற்றரளவு எழும்பும்போது கொக்கியின் முனை ஊசிக்கண்ணுக்குக் கொஞ்சம் மேலே, பின்பக்கக் குழிவில் கடக்க வேண்டும். இந்த மெஷினில் கண்ணுக்கு நேரே கடக்கிறது. பார்க்கத் தெரிந்த யாருக்கும் ஒரு நிமிடத்தில் தெரியும். புது ஊசி நான்கு மாற்றினேன், நூல் மூன்று வகை மாற்றினேன், மேல் நூலின் இறுக்கத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைத்தேன். விடுகிற தையல் நிற்கவில்லை.

இன்னொருவர், திருகோணமலை உப்புக்காற்றில் துருப்பிடித்திருக்கும், உத்தரவாதம் செல்லாது என்றார். முறைப்பாடு சொன்னபோது மெஷினுக்குப் பதினொரு நாள் வயது. ஒரு திருகுத் தலையில்கூடத் துரு இல்லை. அதோடு ஓகஸ்டில் இங்கே வீசுவது கச்சான், தரைப்பக்கமிருந்து கடலுக்குப் போகும் வறண்ட காற்று. உப்பு ஈரத்தைச் சொல்வதென்றால் கடலிலிருந்து வாடைக்காற்று வரும்வரை பொறுத்திருந்தாவது சொல்லியிருக்கலாம். துரு கொக்கியை இறுக்குமே தவிர நேரத்தைப் பிந்தவைக்காது.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வெளிநாட்டார் வருவது மே முதல் செப்டெம்பர் வரைதான். அந்தப் பருவம் போய்விட்டது. நவராத்திரிக் கொலுவுக்குக் கேட்டவர்களுக்கும் கொடுக்க முடியவில்லை. பதினாலு உடல்கள் கழுத்திலும் விரலிலும் பிளந்து கிடக்கின்றன. துணி, பஞ்சு, நூல், கூலி, பஸ், தபால், போன ஓடர்கள், இனிமேல் வராமல் போகப்போகும் ஓடர்கள் எல்லாம் சேர்த்தால் இரண்டு இலட்சம் ரூபாவுக்குக் குறையாது. பத்து வருடமாகச் சேர்த்த பெயர் போனதற்கு எந்தக் கணக்கும் போட முடியாது.

உங்கள் நிறுவனத்தோடு சண்டை பிடிப்பது என் நோக்கம் அல்ல. பிரதான வீதி நிலையத்தில் பெட்டியைத் தூக்கித் தந்து, இரண்டு தடவை தானாகவே அழைத்து விசாரித்த பிள்ளைக்கு நன்றி சொல்லவும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் இருக்கிறது. அந்தக் காலம் முடியும்வரை இழுத்துவிடலாம் என்று எண்ணியிருந்தால் அது நடக்காது. அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்டாயிற்று. முறைப்பாட்டை எழுதி, உங்கள் பரிசோதனைத் துணியையும் 90 ஊசியையும் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். ஏழு நாளில் பதில் இல்லையென்றால் எட்டாம் நாள் பதிவுத் தபாலில் போகும்.

தயவுசெய்து திருத்துநர் ஒருவரை இங்கே அனுப்புங்கள், மெஷினை இனிக் கொழும்புக்குத் தூக்க மாட்டேன். வர முதல் நாள் அறிவித்தால் போதும். 70 ஊசி, கழுவிய காடாத் துணி இரண்டு மடிப்பு, தையல் நீளம் 1.5, ஐந்து விரலுள்ள ஒரு பொம்மைக் கை: இதை என் முன்னால் தைத்து, திருப்பி, பஞ்சு அடைத்துக் காட்டட்டும். எங்கும் பிதுங்காவிட்டால் அப்போதே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
உவர்மலை, திருகோணமலை.

இணைப்பு: பற்றுச்சீட்டுப் பிரதி, “பிழை இல்லை” துண்டின் பிரதி, போயா நாள் பஸ் பயணச்சீட்டு இரண்டு, கழுத்துப் பிளந்த பொம்மை ஒன்று (திருப்பித் தரவும்).